மூலை அறுக்க மட்டும் கூப்பிடுகிறார்கள்

தை மாதக் கடைசியில் திருவாரூர் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். சம்பா அறுவடை நேரம். வயல் ஓரத்தில் செயின் வண்டி நின்றுகொண்டிருந்தது. வண்டிக்காரர் வரப்பில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். சேரியிலிருந்து வந்த நான்கு பெண்கள் வயலின் நான்கு மூலைகளிலும் குனிந்து அரிவாளால் அறுத்துக்கொண்டிருந்தார்கள். மெஷினால் மூலையில் திரும்ப முடியாது. அந்த இடத்தைக் கையால் அறுத்து ஒதுக்கிக் கொடுத்தால்தான் வண்டி வயலுக்குள் இறங்கும். ஒரு மணி நேரத்தில் மூலை வேலை முடிந்தது. பெண்கள் வரப்பில் ஏறினார்கள், வண்டி வயலில் இறங்கியது.

அதில் மூத்த பெரியம்மா ஒருவர் என்னிடம் சொன்னார்: "முன்னாடி இந்த வயல்ல இருபது ஆளு இறங்குவோம் பாப்பா. அறுத்து, கட்டி, தூக்கி, அடிச்சு, தூத்தி முடிக்கப் பொழுது போயிரும். இப்ப மூலைய மட்டும் அறுக்கக் கூப்பிடுறாங்க. கொல்லை பெருசா இருந்தா நாலு பேரு. சின்னதா இருந்தா ரெண்டு பேரு."

வேறு என்ன செய்யலாம் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். சமூகப் பணியாளர்கள் கேட்கும் வழக்கமான கேள்விதான். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு என்ன இருக்கு இனிமே? பேரன் எட்டாவது படிக்கிறான். அவன் அந்த வண்டியில ஏறி உக்கார்ற மாதிரி ஒரு படிப்பு இருக்கா, அதச் சொல்லு."

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அதற்குப் பதில் தேடும் முயற்சி.

இப்போது எந்த மேடையில் ஏறினாலும் 'எதிர்காலத்தின் வேலைகள்' என்று பேசுகிறார்கள். செயற்கை நுண்ணறிவு வருகிறது, ரோபோ வருகிறது, பாதி வேலைகள் போய்விடும், எல்லோரும் புதிய திறன்களைக் கற்றுக்கொள்ளுங்கள் என்கிறார்கள். மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்யும் நடுத்தர வர்க்கத்துப் பிள்ளையின் நாற்காலி ஆடத் தொடங்கியதும் நாட்டுக்கே பதற்றம் வந்துவிட்டது. அந்தப் பதற்றத்தை நான் கேலி செய்யவில்லை. அதில் முதல் தலைமுறையாகப் படித்துப் போன நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் இயந்திரம் நாளைக்கு வரப்போகிற விருந்தாளி அல்ல. டெல்டாவின் சேரிகளுக்கு அது எப்போதோ வந்துவிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் விவசாயக் கூலிகள் ஏறத்தாழ 96 லட்சம் பேர். அவர்களில் நம் மக்களின் பங்கு எவ்வளவு என்பதை இந்த வலைப்பூவின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் கையிலிருந்த அறுவடை வேலை போனபோது 'எதிர்காலத்தின் வேலைகள்' என்று யாரும் கருத்தரங்கு நடத்தவில்லை. ஆள் கிடைக்கவில்லை, அதனால் மெஷின் வந்தது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

அறுவடை வேலை என்பது வெறும் வேலை அல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டார்களே, அதற்குப் பின்னால் இருந்தது கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதும், செங்கொடிச் சங்கத்தை விட்டு விலக மறுத்ததும்தான். அதன் பிறகு 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கூலிக்காக உயிரைக் கொடுத்த மண்ணில் இன்றைக்குக் கூலி உயர்ந்திருக்கிறது. ஆனால் அந்தக் கூலியைப் பெறுவதற்கான வேலை மூலையளவு சுருங்கிவிட்டது. அறுவடைக் கூலியாக வரும் நெல்தான் வருடத்தில் பல மாதங்களுக்கு வீட்டுச் சோறு. அது நின்ற பிறகு ரேஷன் அரிசியை நம்பித்தான் அடுப்பு எரிகிறது. வேலைநிறுத்தம் என்று சொல்லிப் பண்ணையை அசைத்துப் பார்க்கும் பலமும் அத்தோடு போய்விட்டது. மூலை அறுக்கும் நான்கு பேர் வேலைநிறுத்தம் செய்தால் யாருக்கு நட்டம்?

இதற்காக அரிவாளைத் தூக்கி வைத்துக்கொண்டு அழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இடுப்பொடிய நாள் முழுக்கக் குனிந்து அறுக்கும் வேலையைத் தன் மகள் செய்ய வேண்டும் என்று எந்தத் தாயும் விரும்பவில்லை. இயந்திரத்தை எதிர்த்துக் கைராட்டையைக் கொண்டாடியவர்களோடு பாபாசாகேப் கடுமையாக முரண்பட்டார். இயந்திரம் மனிதனுக்கு ஓய்வைத் தரும், ஓய்வு இருந்தால்தான் சிந்திக்க முடியும், பண்பாட்டோடு வாழ முடியும், கேடு இயந்திரத்தில் இல்லை, அதன் பலன் ஒரு சிலருக்கு மட்டும் போகும் சமூக அமைப்பில் இருக்கிறது என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்தில் அவர் கவனம் செலுத்தியவற்றில் தொழில்நுட்பப் பயிற்சியும் வேலைவாய்ப்பு அலுவலகங்களும் உண்டு. நம் பிள்ளைகள் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கும் மெட்ரிக் படிப்புக்குப் பிந்தைய உதவித்தொகை 1944இல் தொடங்கியது. இயந்திரக் காலத்துக்கு நம்மைத் தயார் செய்ய வேண்டும் என்று எண்பது வருடங்களுக்கு முன்பே யோசித்தவரின் வழியில் வந்த நாம் மெஷினைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. அதன் ஓட்டுநர் இருக்கையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் கேட்க வேண்டும்.

அந்த இருக்கையைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரு கதையைச் சொல்கிறேன்.

எங்கள் பகுதி இளைஞன் ஒருவன் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். அறுவடை வண்டியோடு ஹெல்பராகப் போனான். டெல்டாவில் வேலை முடிந்தால் வண்டி பாலக்காட்டுக்குப் போகும், அங்கிருந்து ஆந்திரா போகும். ஐந்து பருவம் அந்த வண்டியோடு சுற்றியிருக்கிறான். வண்டியின் சத்தத்தை வைத்தே எங்கே அடைத்திருக்கிறது, எந்த பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்வான். வைக்கோலோடு நெல் போகிறது என்றால் காற்றைக் குறைக்க வேண்டுமா, வண்டி வேகத்தைக் குறைக்க வேண்டுமா என்று காதாலேயே முடிவு செய்வான். ஆனால் ஐந்து பருவமும் ஹெல்பர்தான். டிரைவர் வண்டி முதலாளியின் சொந்தக்காரப் பையன். வயல்காரர் வீட்டில் டிரைவருக்கு இலை போடுவார்கள், இவனுக்குப் பார்சல் கொடுப்பார்கள்.

இதுவரை கேட்டவர்கள் 'சாதிதான் காரணம்' என்று முடித்துவிடுவார்கள். சாதி காரணம்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவனே எனக்கு இன்னொன்றும் சொன்னான். புதிதாக வந்த வண்டியில் ஒரு சின்னத் திரை இருக்கிறதாம். கோளாறு வந்தால் அதில் ஒரு எண்ணும் இரண்டு ஆங்கில வார்த்தைகளும் வரும். வண்டியோடு ஒரு தடித்த புத்தகம் வந்தது, ஆங்கிலத்தில். அந்த எண்ணைப் புத்தகத்தில் தேடினால் என்ன செய்ய வேண்டும் என்று இருக்கும். "அக்கா, கையில எல்லாம் தெரியுது. அந்த பொஸ்தகத்தத் தொறந்தா கண்ணு கட்டுது" என்றான். புத்தகத்தில் இருப்பவை விகிதம், அழுத்தம், சதவீதம், அலகு மாற்றம். எல்லாமே எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பாடம். அவன் படித்த பள்ளியில் அந்த இரண்டு வருடமும் கணக்குக்கு வாத்தியார் இல்லை. தமிழ் வாத்தியார் கணக்கு வகுப்பில் வந்து சத்தம் போடாமல் இருக்கச் சொல்லிவிட்டுப் போவாராம்.

இந்த இடத்தில்தான் நான் நிற்க விரும்புகிறேன். தொழில்நுட்ப மாற்றத்துக்குத் தயார் செய்வது என்றால் நம் ஆட்களும் அரசும் உடனே நினைப்பது மூன்று மாதப் பயிற்சி. நானே அப்படிப் பல பயிற்சிகளை நடத்தியிருக்கிறேன். தையல், அழகுக்கலை, பினாயில் தயாரிப்பு, கம்ப்யூட்டர் அடிப்படை. முதல் நாள் குத்துவிளக்கு, கடைசி நாள் சான்றிதழ், நடுவில் புகைப்படம். நிதி கொடுத்தவர்களுக்கு அறிக்கை போய்விடும். ஒரே தெருவில் இருபது பெண்களுக்குத் தையல் கற்றுக்கொடுத்தால் யார் யாருக்குத் துணி தைப்பார்கள் என்று அப்போது நான் கேட்கவில்லை. பின்னால் போய்ப் பார்த்தபோது தையல் மெஷின்கள் அரிசி மூட்டை வைக்கும் மேசைகளாகியிருந்தன. இதை எழுதுவதற்கு எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

மூன்று மாதப் பயிற்சி இன்றைக்கு இருக்கும் ஒரு வேலைக்கு ஆளைத் தயார் செய்கிறது. ஐந்து வருடத்தில் அந்த வேலையே மாறினால் அந்தச் சான்றிதழ் செல்லாக் காசு. எட்டாம் வகுப்புக் கணக்கும், ஒரு பக்கத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் பழக்கமும் அப்படி அல்ல. அவை இருந்தால் அடுத்த மெஷினையும் அதற்கடுத்த மெஷினையும் தானே கற்றுக்கொள்ளலாம். ஊரிலிருக்கும் தனியார் பள்ளிகளுக்குத் தங்கள் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் மூன்று மாதத் திறன் பயிற்சியா கேட்கிறார்கள்? கணக்கு டியூஷன்தான் கேட்கிறார்கள். நமக்கு மட்டும் ஏன் 'திறன்'?

'திறன்' என்ற சொல்லின் மீதே எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. முதுகலையில் சமூகவியல் படித்தபோது ஹாரி பிரேவர்மன் 1974இல் எழுதிய புத்தகத்தைப் பாடமாக வைத்திருந்தார்கள். இயந்திரமயமாதல் தொழிலாளியிடமிருந்து திறனைப் பிடுங்கி நிர்வாகத்தின் கையில் கொடுக்கிறது என்பது அவர் வாதம். பரீட்சைக்கு எழுதினேன், மதிப்பெண் வாங்கினேன். பிற்பாடுதான் தோன்றியது, நம் மக்களிடமிருந்து பிடுங்க வேண்டிய அவசியமே இல்லை, ஏனென்றால் நம்மிடம் இருப்பதைத் திறன் என்று யாரும் முதலில் ஒப்புக்கொள்ளவே இல்லை. மூலை அறுத்த அந்தப் பெரியம்மா நெல்மணியைப் பல்லில் கடித்துப் பார்த்து 'இன்னும் ஒரு நாள் காயணும்' என்று சொல்வார். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மீட்டர் வைத்துப் பார்க்கிறார்கள், ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லைத் தள்ளுகிறார்கள். பெரியம்மாவின் பல் சொல்வதும் மீட்டர் சொல்வதும் பெரும்பாலும் ஒன்றுதான். பல்லுக்குப் பெயர் 'திறனற்ற உழைப்பு'. மீட்டர் பிடிக்கும் கைக்குச் சம்பளம். அந்தப் பல்லுக்கும் மீட்டருக்கும் நடுவே ஒரு பாலம் போடுவதுதான் பள்ளிக்கூடத்தின் வேலை. ஈரப்பதம் என்றால் என்ன, சதவீதம் என்றால் என்ன, மின்கடத்தல் எப்படி ஈரத்தைக் காட்டுகிறது என்று அந்தப் பேரனுக்குப் பாட்டியின் பல்லிலிருந்து தொடங்கிச் சொல்லித்தர ஒரு அறிவியல் ஆசிரியர் போதும். அந்த ஒருவர் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'ஆமாம், அவர்கள் கைவேலையில் கெட்டிக்காரர்கள், அதனால் தொழிற்கல்வி கொடுப்போம்' என்று தலையாட்டிக்கொண்டு வருவார்கள். இந்தப் பாட்டை நாம் முன்பே கேட்டிருக்கிறோம். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் கிராமத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரை நாள்தான் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பெயர் சூட்டித் தமிழகம் எதிர்த்தது. 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. எழுபது வருடம் கழித்து 2023இல் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. முடி திருத்துவது, துணி வெளுப்பது, செருப்புத் தைப்பது உட்பட 18 தொழில்கள் அதில் இருக்கின்றன. குடும்பத் தொழிலுக்குப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்புகிறது என்று சொல்லித் தமிழ்நாடு அரசு அதை ஏற்கவில்லை. பதிலாக அறிவித்த கைவினைத் திட்டத்தில் சாதித் தொழில் நிபந்தனை கிடையாது, குறைந்தபட்ச வயதை 35 ஆக வைத்தார்கள். அந்த வயது நிபந்தனை எனக்குப் பிடித்திருந்தது. இருபது வயதில் படிக்கட்டும், 35க்கு மேல் அதே தொழிலில் இருப்பவருக்குக் கடன் கொடுங்கள் என்பது நியாயமான யோசனை.

அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் சென்னை ஐ.ஐ.டி.யைப் பற்றி எழுதிய புத்தகத்தைப் படித்தவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும். காலனிய காலத்தில் கட்டடம், உலோகம், மரம் என்று கையால் செய்யும் அறிவு முழுவதும் உழைக்கும் சாதிகளிடம் இருந்தது. பொறியியல் கல்லூரி வந்தபோது அதற்குள் போனவர்கள் கருவியையே தொட்டிராத மேல்சாதியினர். கைவினைஞர் பிள்ளைகளுக்குத் தொழிற்பள்ளி. ஒரே இரும்பு, இரண்டு வாசல். ஒரு வாசலில் போனவர் பொறியாளர், இன்னொரு வாசலில் போனவர் மேஸ்திரி. இன்றைக்கும் அந்த இரண்டு வாசல்களும் அப்படியே இருக்கின்றன, பெயர்ப்பலகைதான் மாறியிருக்கிறது.

அதற்காக ஐ.டி.ஐ. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மாறாக, நம் பிள்ளைகள் சரியாகப் பயன்படுத்தாத நல்ல இடம் அது என்றே நினைக்கிறேன். 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாய் திட்டத்தில் மேம்படுத்தினார்கள். ரோபோட்டிக்ஸ், கணினி வழிக் கட்டுப்பாட்டு இயந்திரங்கள், மின்வாகனப் பராமரிப்பு எல்லாம் அங்கே வந்திருக்கின்றன. ஆனால் நம் பெற்றோரிடம் போய் ஐ.டி.ஐ. என்றால் 'தோத்துப்போனவன் போற எடம்' என்கிறார்கள். கடன் வாங்கியாவது பெயர் தெரியாத பொறியியல் கல்லூரியில் சேர்த்துவிடுகிறார்கள், நான்கு வருடம் கழித்து அரியர்களோடு பையன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். இதில் நம் இயக்கங்களுக்கும் பங்கு உண்டு. மேடையில் கலெக்டர், டாக்டர், வக்கீல் என்று மூன்று கனவுகளை மட்டுமே திரும்பத் திரும்பச் சொன்னோம். மெக்கட்ரானிக்ஸ் படித்த பெண்ணை மேடையேற்றிச் சால்வை போட்டோமா?

உதவித்தொகை விஷயத்தையும் விட முடியாது. மெட்ரிக் பிந்தைய உதவித்தொகைக்கான ஒன்றிய அரசின் வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய், பத்து வருடங்களுக்கும் மேலாக நகரவில்லை. 2020 டிசம்பரில் ஒன்றிய, மாநில அரசுகளின் பங்கு 60-க்கு 40 என்று மாற்றியமைத்து, ஐந்தாண்டுக்கு 59,000 கோடி என்று அறிவித்தார்கள். கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. கல்லூரி அலுவலக ஜன்னலில் நிற்கும் பிள்ளைக்குப் பணம் எந்த மாதம் வருகிறது என்பதுதான் சிக்கல். கட்டணம் வரவில்லை என்று தேர்வு நுழைவுச்சீட்டையோ அசல் சான்றிதழையோ பிடித்து வைத்துக்கொண்ட கல்லூரிகளோடு நான் எத்தனை முறை மல்லுக்கட்டியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. எதிர்காலத் தொழில்நுட்பம் பற்றிப் பேசும் நாட்டில் ஒரு பெண் தன் சொந்த மதிப்பெண் சான்றிதழை மீட்கச் சமூகப் பணியாளரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

சரி, படித்துவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். வேலை எங்கே?

இதைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். கணினியும் ஒப்பந்த முறையும் சேர்ந்து முதலில் தின்றது எதை? அரசு அலுவலகத்தின் தட்டச்சர், எழுத்தர், கடைநிலை ஊழியர், ரயில்வேயின் நான்காம் பிரிவு, வங்கியின் கடைநிலைப் பணியிடங்கள். இவையெல்லாம் இடஒதுக்கீடு இருந்த இடங்கள். நம் தெருவில் முதல் மாடி வீடு கட்டியவர் யார் என்று யோசித்துப் பாருங்கள், பெரும்பாலும் இப்படி ஒரு வேலையில் இருந்தவராகத்தான் இருப்பார். தொழில்நுட்பம் புதிதாக உருவாக்கிய வேலைகள் எங்கே இருக்கின்றன? இடஒதுக்கீடு இல்லாத தனியார் துறையில். ஆகவே மற்றவர்களுக்கு இது ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு மாறுவது. நமக்கு, சட்டப் பாதுகாப்பு இருக்கும் இடத்திலிருந்து இல்லாத இடத்துக்குத் தள்ளப்படுவது.

அந்தத் தனியார் துறை 'தகுதி மட்டுமே பார்க்கிறோம்' என்கிறது. சுக்தேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் சேர்ந்து செய்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. ஒரே படிப்பு, ஒரே தகுதி கொண்ட விண்ணப்பங்களில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். தலித் பெயர் கொண்ட விண்ணப்பத்துக்கு நேர்காணல் அழைப்பு வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. தமிழ்நாட்டில் சாதிப் பெயரைப் போடுவதில்லை என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். இங்கே வேறு கேள்விகள் இருக்கின்றன. 'சொந்த ஊர் எது?' 'ஊருல எந்தத் தெரு?' 'அப்பா என்ன பண்றாங்க?' இனி மனிதர் கேட்காமல் கணினியே விண்ணப்பங்களை வடிகட்டும் காலம். படித்த கல்லூரி, எழுதிய அரியர், இடையில் விட்ட வருடம், பேசும் ஆங்கிலம் இவற்றை வைத்து வடிகட்டினால் 'எந்தத் தெரு' என்று கேட்காமலே தெருவைக் கண்டுபிடித்துவிடலாம். கல்வி நம்மைத் தயார் செய்ய வேண்டும் என்பவர்கள், தனியார் துறை இடஒதுக்கீடு என்றதும் ஏன் வாயை மூடிக்கொள்கிறார்கள்?

இருக்கையில் உட்காருவது ஒன்று. வண்டியே சொந்தமாக இருப்பது வேறு. சாக்கடை விஷயத்தில் இதை ஓரளவு பார்க்க முடிகிறது. மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம் 2023இல் அதை 30 லட்சமாக்கியது. இழப்பீட்டுத் தொகை உயர்ந்ததே தவிரச் சாவு நிற்கவில்லை. 2018 வாக்கில் கேரளத்து இளைஞர்கள் உருவாக்கிய பாண்டிகூட் ரோபோ வந்தது, கும்பகோணத்துக்கும் வந்தது. 2024இல் சென்னைக் குடிநீர் வாரியம், தூய்மைப் பணியாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்களையே கழிவுநீர் வண்டிகளின் உரிமையாளர்களாக்கி, வேலை ஒப்பந்தத்தையும் சேர்த்துக் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. இருநூறுக்கும் மேற்பட்ட வண்டிகள். இதை நான் வரவேற்கிறேன். குழிக்குள் இறங்கியவர் குழிக்கு மேலே நின்று விசையை அழுத்துகிறார், லாபமும் அவருக்கே. ஆனாலும் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. மெஷின் வந்தும் வேலை அதே சாதியிடம்தான் இருக்கிறது. உரிமையாளரின் மகள் வேறு வண்டிக்கு உரிமையாளராகும்போதுதான் என் மனம் ஆறும்.

டெல்டா அறுவடை வண்டிக்கு ஏன் இப்படி ஒரு திட்டம் இல்லை? செயின் வண்டி இருபது லட்சத்துக்கு மேல் போகிறது. 2023இல் அறிவித்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. மானியம் வருவதற்கு முன்னால் வங்கி மேலாளரின் மேசை வருகிறது. அங்கே கேட்பது அடமானம். 1892இல் ஒதுக்கிய பஞ்சமி நிலம் 12 லட்சம் ஏக்கர் என்கிறோமே, அது நம் கையில் இருந்திருந்தால் அடமானத்துக்கு யாரிடம் போய் நிற்கப்போகிறோம்? விவசாயத் தொழிலாளர் பெண்கள் குழுவுக்கு ஒரு வண்டி, அரசு கொள்முதல் பகுதியில் ஒரு பருவ வேலை உத்தரவாதம், சேரியிலிருந்தே இரண்டு ஓட்டுநர், ஒரு மெக்கானிக். 2024இல் சட்டமன்றம் நிறைவேற்றிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் இருக்கிறது. மக்கள்தொகையில் நாம் 20 சதவீதம், அதற்கேற்ற நிதியை ஒதுக்க வேண்டும். அந்தப் பணத்தில் இதைச் செய்யலாம். பாதியைப் பொதுச் சாலைக்கும் பாலத்துக்கும் கணக்கெழுதாமல் இருந்தால் போதும்.

டிரோன் விஷயத்திலும் இப்போதே விழித்துக்கொள்ள வேண்டும். மருந்து தெளிக்கும் வேலை அடுத்ததாகப் போகப்போகிறது. மகளிர் குழுக்களுக்கு 15,000 டிரோன்கள் என்று ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. டிரோன் ஓட்டுநர் சான்றிதழ் பெறப் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். இந்த ஒரு நிபந்தனையிலேயே மருந்து டப்பாவை முதுகில் சுமந்த ஆண்களும், அவர்களின் மனைவிமாரும் வெளியே நின்றுவிடுவார்கள். லாரி, பஸ் ஓட்ட எட்டாம் வகுப்பு வேண்டும் என்ற விதியை 2019இல்தான் நீக்கினார்கள். அதுவரை அந்த ஒரு வரி எத்தனை பேரைக் கிளீனராகவே வைத்திருந்தது! வண்டி ஓட்டத் தெரியுமா என்று சோதிப்பது சரி. பள்ளி கொடுக்கத் தவறியதை விண்ணப்பதாரரின் குற்றமாக்கி வாசலில் நிறுத்துவது சரியல்ல.

கடைசியாக அந்தப் பெரியம்மாவைப் பற்றி. அவருக்கு எந்தப் படிப்பும் இப்போது வேலை தரப்போவதில்லை. அதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அவரிடம் போய் 'டிஜிட்டல் எழுத்தறிவு' என்பது அவமதிப்பு. தொழில்நுட்பம் அவரிடம் ஏற்கெனவே வந்துவிட்டது, வேறு உருவத்தில். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் எல்லா வேலைத்தளத்திலும் செல்போன் செயலியில் ஒரு நாளைக்கு இரண்டு முறை படம் எடுத்தால்தான் வருகைப்பதிவு என்றாக்கினார்கள். சிக்னல் இல்லையென்றால் வேலை செய்தது செய்யாததாகிவிட்டது. 2024 தொடக்கத்திலிருந்து ஆதார் வழிதான் கூலி என்றார்கள். கைரேகை தேய்ந்த விரல்களைக் கொண்டு அவர் எத்தனை முறை ஒரு கருவியை அழுத்தியிருக்கிறார் என்று அவருக்குத்தான் தெரியும். அவருக்குத் தேவை கௌரவமான ஓய்வூதியமும் பட்டாவும். மெஷினால் மிச்சமான கூலியில் ஒரு பங்கு அவருக்குச் சேர வேண்டும் என்று கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எட்டு மணி நேர வேலை கேட்டபோதும் சிரித்தவர்கள்தான்.

பேரன் விஷயத்தில் இப்போதே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. ஆதி திராவிடர் நலப் பள்ளிகள் தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கும் மேல். உங்கள் ஒன்றியத்தில் இருக்கும் பள்ளிகளில் ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை கணக்கு, அறிவியல் ஆசிரியர் பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, எந்தத் தேதியிலிருந்து காலி என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், மாவட்ட ஆதி திராவிடர் நல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் வர வேண்டும். பதில் வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு எழுதுங்கள். எங்கள் ஒன்றியத்துக்கான மனுவை நான் போன திங்கட்கிழமை தபாலில் அனுப்பிவிட்டேன்.